வாசகர் கேள்வி – பதில்: செயற்கைக்கோள் படத்தில் சாலையைத் தேடும் கணினி

சென்ற இதழில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு வரைபடம் தயாரிக்கும் முறையைப் பற்றி எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. படத்தில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற சாலையைக் கணினி தானாகவே கண்டுகொள்ளுமா, கண்டுகொள்ளும் என்றால் அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். எனவே இந்த மாதப் பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒத்த கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியுள்ளோம்.

கேள்வி: எங்கள் ஊருக்குத் தார்ச்சாலை போட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தால் சாலை பளிச்சென்று தெரிகிறது. சாதாரண வரைபடத்துக்கு மாற்றினால் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. குழந்தைகூடக் காட்டிவிடும் சாலையைக் கணினி ஏன் வரைந்துகொள்வதில்லை?
– வாசகர், தேனி மாவட்டம்

பதில்: நீங்கள் பார்ப்பது படம், கணினியிடம் இருப்பது எண்களின் அட்டவணை. ஒவ்வொரு படப்புள்ளிக்கும் அந்த இடத்திலிருந்து எவ்வளவு ஒளி திரும்பி வந்தது என்பதைச் சொல்லும் சில எண்கள் மட்டுமே அதில் இருக்கின்றன. அந்த எண்களில் எவை சாலை, எவை கூரை, எவை தரிசு நிலம் என்று எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. வரைபடத்தில் இருக்கும் கோடோ வேறு வகையைச் சேர்ந்தது. அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, வழியில் எந்தச் சாலையோடு சேர்கிறது என்பதெல்லாம் அந்தக் கோட்டுக்குள் அடங்கியிருக்கும். எண் அட்டவணையிலிருந்து அந்தக் கோட்டுக்குப் போவதற்குத்தான் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

செயற்கைக்கோள் படத்தில் கணினியைக் கொண்டு சாலைகளை அடையாளம் காண்பது பற்றி ரூசெனா பாய்ச்சி, முகமது தவக்கோலி ஆகிய இருவரும் 1976ஆம் ஆண்டிலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 1972ஆம் ஆண்டு ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு படப்புள்ளி தரையில் சுமார் 80 மீட்டர் அகலத்தைக் குறித்தது. அதில் பெரிய நெடுஞ்சாலைகூட மெல்லிய கீற்றாகத்தான் விழும். 1999ஆம் ஆண்டு செப்டம்பரில் ஏவப்பட்ட ஐகோனோஸ்தான் சுமார் 1 மீட்டர் தெளிவுத்திறனில் (அதாவது ஒரு படப்புள்ளி தரையில் 1 மீட்டர்) படங்களை விலைக்குக் கொடுத்த முதல் வணிகச் செயற்கைக்கோள். 2014ஆம் ஆண்டில் வந்த வேர்ல்ட்வியூ-3 அதை 31 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தது. இந்தியாவின் கார்ட்டோசாட்-3 செயற்கைக்கோளும் 2019 நவம்பர் முதல் 30 சென்டிமீட்டருக்கும் குறைவான தெளிவுத்திறனில் படம் எடுக்கிறது. உங்கள் ஊர்ச் சாலை வழக்கமான ஒருவழித் தடமாக 3.75 மீட்டர் அகலம் கொண்டது என்று வைத்துக்கொண்டால், அரை மீட்டர் தெளிவுத்திறன் கொண்ட படத்தில் அது ஏழெட்டுப் படப்புள்ளி அகலமான பட்டையாக விழும். இலவசமாகக் கிடைக்கும் ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தின் 10 மீட்டர் படப்புள்ளியில் அது பாதிகூட நிரம்பாது.

படம் துல்லியமாக ஆக ஆக வேலை எளிதாகியிருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். நடந்தது அதற்கு நேர்மாறு. மங்கலான படத்தில் சாலை ஒரு கோடு. கோட்டைத் தேடுவதற்குக் கணிதத்தில் பழைய வழிகள் உண்டு. துல்லியமான படத்திலோ சாலையின் மேல் லாரி நிற்கிறது, மரத்தின் நிழல் விழுகிறது, நடுவில் வெள்ளைக் கோடு ஓடுகிறது, ஓரத்தில் செம்மண் சரிந்திருக்கிறது. ஒரே சாலை நூறு மீட்டருக்குள் நாலைந்து நிறங்களாகப் பிரிந்துவிடுகிறது. புதிதாகப் போட்ட தார் கறுப்பாக இருக்கும். சில ஆண்டுகளில் மேலே இருக்கும் தார் வெளுத்து ஜல்லி தெரியத் தொடங்கியதும் அதே சாலை சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். அந்தச் சாம்பல் நிறம் சிமென்ட் தளத்துக்கும் உண்டு, கல்நார்க் கூரைக்கும் உண்டு.

நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு என் கண்ணால் பார்த்த ஓர் உதாரணம் சொல்கிறேன். நாமக்கல் பக்கத்துப் படம் ஒன்றில் பழைய முறை மென்பொருள் ஒன்றை ஓடவிட்டபோது, ஊருக்கு வெளியே ஒன்றுக்கொன்று இணையாக ஆறு சாலைகளை அது வரைந்து கொடுத்தது. நேராக, ஒரே அகலத்தில், ஓரம் கூர்மையாக, சாம்பல் நிறத்தில் இருந்தன. சாலைக்கு நாங்கள் எழுதி வைத்திருந்த இலக்கணம் அத்தனையும் பொருந்தியது. அவை கோழிப்பண்ணைக் கொட்டகைகள். நமக்கு அது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. இரு முனையிலும் எங்கும் போய்ச் சேராத சாலை இருக்க முடியாது என்பதை நாம் யோசிக்காமலேயே அறிந்திருக்கிறோம். கணினிக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதுதான் இந்தத் துறையின் பெரும்பாடு.

கேள்வி: பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். ஆழ்கற்றல் முறையில் செயற்கைக்கோள் படத்திலிருந்து சாலைகளைப் பிரித்தெடுப்பதையே செயல்திட்டமாக எடுத்திருக்கிறேன். எந்த முறையைப் பின்பற்றுவது, பயிற்சிக்கான படங்களுக்கு எங்கே போவது என்று வழிகாட்ட வேண்டுகிறேன்.
– மாணவி, கோயம்புத்தூர்

பதில்: முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2010ஆம் ஆண்டுக்கு முன்பு வரை பெரும்பாலும் விதிகளை மனிதர்களே எழுதினார்கள். இணையான இரு ஓரங்களைத் தேடு, இடையில் நிறம் சீராக இருக்கிறதா பார், வளைவு திடீரென்று ஒடியக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள். 1980களின் பிற்பகுதியில் வந்த 'பாம்புக் கோடு' முறை அவற்றில் அழகானது. ஒரு நெகிழ்வான கோட்டைச் சாலைக்கு அருகில் போட்டுவிட்டால், அது நெளிந்து நெளிந்து சாலையின் ஓரத்தில் போய்ப் படிந்துகொள்ளும். ஆனால் முதல் கோட்டை யாராவது போட வேண்டியிருந்தது.

2010ஆம் ஆண்டில் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் வொலோடிமிர் மினி, ஜெஃப்ரி ஹின்டன் இருவரும் விதி எழுதுவதைக் கைவிட்டு, வான்வழிப் படங்களையும் அவற்றுக்குரிய சாலை வரைபடங்களையும் நரம்பு வலையமைப்புக்கு (உதாரணங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் நிரல்; ஆழ்கற்றலின் அடிப்படை இதுதான்) காட்டிப் பழக்கினார்கள். அவர்கள் செய்ததில் எனக்கு இன்றும் முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. 64க்கு 64 படப்புள்ளி கொண்ட சதுரத்தைப் பார்க்கச் சொல்லி, அதன் நடுவில் இருக்கும் 16க்கு 16 பகுதிக்கு மட்டும் விடை கேட்டார்கள். சுற்றுப்புறத்தைப் பார்க்காமல் நடுவில் இருப்பது என்னவென்று சொல்ல முடியாது என்பதை அந்த அமைப்பே ஒப்புக்கொண்டது. பின்னர் 2015ஆம் ஆண்டில் மருத்துவப் படங்களுக்காக உருவான யூ-நெட் என்ற வலையமைப்பு இந்தத் துறைக்கும் வந்து சேர்ந்தது. செயற்கைக்கோள் படங்களைக் கணினியைக் கொண்டு ஆராயும் டீப்குளோப் போட்டியின் சாலைப் பிரிவில், 2018ஆம் ஆண்டு டி-லிங்க்நெட் என்ற வலையமைப்பு முதலிடம் பெற்றது. படத்தின் நுணுக்கத்தை இழக்காமலே தொலைவில் இருப்பதையும் சேர்த்துப் பார்க்கும் வகையில் அதன் நடுப்பகுதி அமைந்திருக்கிறது. நீளமாக ஓடும் சாலைக்கு அது பொருந்தியது.

பயிற்சிக்கு மூன்று தொகுப்புகள் போதும். மினி வெளியிட்ட, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த தொகுப்பில் 1 மீட்டர் தெளிவுத்திறனில் 1171 வான்வழிப் படங்கள் உள்ளன. டீப்குளோப் தொகுப்பில் தாய்லாந்து, இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாடுகளைச் சேர்ந்த அரை மீட்டர் செயற்கைக்கோள் படங்கள் 8570 உள்ளன. நம் ஊர்ச் சாலைகளை ஒத்த காட்சி வேண்டுமென்றால் இதையே எடுங்கள். ஸ்பேஸ்நெட் என்ற இன்னொரு போட்டியின் தொகுப்பில் லாஸ் வேகாஸ், பாரிஸ், ஷாங்காய், கார்ட்டூம் ஆகிய நகரங்களும், பின்னர் வந்த தொகுப்பில் மும்பையும் இடம்பெற்றுள்ளன.

வலையமைப்பைத் தேர்ந்தெடுப்பதில் மாதக்கணக்கில் செலவிட வேண்டாம். பயிற்சிப் படங்களில் இருபதையாவது திறந்து, அவற்றின் மேல், சாலை எது என்று குறித்திருக்கும் விடைப் படத்தை வைத்துக் கண்ணால் பாருங்கள். மாசச்சூசெட்ஸ் தொகுப்பின் விடைகள், யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இருந்த நடுக்கோடுகளை எடுத்து, எல்லாச் சாலைக்கும் ஒரே தடிமன் கொடுத்துத் தயாரிக்கப்பட்டவை. ஆறுவழிச் சாலைக்கும் சந்துக்கும் ஒரே அகலம்! சில இடங்களில் கோடு சற்றுத் தள்ளி விழுந்திருக்கும். சில சாலைகள் விடைத்தாளிலேயே இருக்காது. உங்கள் நிரல் சரியாகக் கண்டுபிடித்த சாலைக்கும் அங்கே தவறு என்று மதிப்பெண் குறையும். இந்த இருவகைப் பிழையையும் எப்படிச் சமாளிப்பது என்று மினியும் ஹின்டனும் 2012ஆம் ஆண்டில் தனிக் கட்டுரையே எழுத நேர்ந்தது.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். டீப்குளோப் படம் ஒன்று 1024க்கு 1024 படப்புள்ளி. தரையில் 512 மீட்டர் சதுரம். அதன் குறுக்கே 3.75 மீட்டர் அகலச் சாலை ஒன்று மட்டும் நேராக ஓடுகிறது என்றால், சாலைக்குரிய படப்புள்ளிகள் மொத்தத்தில் 0.73 சதவீதம். அப்படியானால் "இந்தப் படத்தில் சாலையே இல்லை" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் நிரலுக்கும் 99 சதவீதத் துல்லியம் கிடைத்துவிடும். ஆகவே செயல்திட்ட அறிக்கையில் வெறும் துல்லிய சதவீதத்தை எழுதிவிட்டு நிறைவடையாதீர்கள். நேர்முகத் தேர்வில் விவரம் தெரிந்தவர் முதலில் கேட்பது அதைத்தான். பயிற்சிக்கு ஒரு பகுதி, சோதனைக்கு ஒரு பகுதி என்று பிரிக்கும்போதும் படங்களைக் குலுக்கிப் பிரிக்காமல் ஊர்வாரியாகப் பிரியுங்கள். ஒரே சாலையின் முதல் பாதியைப் பாடமாகவும் மறுபாதியைத் தேர்வாகவும் கொடுத்தால் மதிப்பெண் உயரத்தான் செய்யும்.

கேள்வி: டீப்குளோப் போட்டியில் முதலிடம் பெற்ற முறைக்குக் கிடைத்த மதிப்பெண் 0.64 என்று படித்தேன். நூற்றுக்கு அறுபத்து நான்கு வாங்கியவரையா முதல் மாணவர் என்கிறார்கள்? இந்த அளவீட்டில் ஏதோ சூட்சுமம் இருக்க வேண்டும்.
– ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: இருக்கிறது ஐயா. அந்த மதிப்பெண்ணை இப்படிக் கணக்கிடுகிறார்கள்: கணினி சாலை என்று சொன்னதும், உண்மையில் சாலையாக இருப்பதும் ஒன்றோடொன்று பொருந்தும் பரப்பை, இரண்டும் சேர்ந்து அடைத்துக்கொண்டிருக்கும் மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும். கணங்களின் வெட்டை அவற்றின் சேர்ப்பால் வகுப்பது என்று உங்கள் வகுப்பறை மொழியில் சொல்லிவிடலாம்.

இப்போது 8 படப்புள்ளி அகலமுள்ள ஒரு சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். கணினி அதே அகலத்தில், அதே நீளத்தில் வரைந்து, 2 படப்புள்ளி மட்டும் இடப்புறம் தள்ளிவிட்டது. பொருந்தும் அகலம் 6, மொத்த அகலம் 10, மதிப்பெண் 0.6. தரையில் அந்தத் தள்ளல் 1 மீட்டர்தான். வரைபடத்தைப் பயன்படுத்தும் எவருக்கும் அது தெரியப்போவதில்லை. 1 படப்புள்ளி தள்ளினால்கூட 7க்கு 9, அதாவது 0.78. குறுகலான பொருள் எதை அளந்தாலும் இந்த அளவீடு கடுமையாகவே நடந்துகொள்ளும். ஆகவே 0.64 என்பது பார்வைக்குத் தோன்றும் அளவுக்கு மோசமானதில்லை.

இதே அளவீடு இன்னோரிடத்தில் அளவுக்கு மீறித் தாராளமாகவும் இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. 512 மீட்டர் நீளச் சாலையைக் கணினி அச்சுப் பிசகாமல் வரைந்து, ஒரு மரம் கவிந்திருக்கும் 6 மீட்டரை மட்டும் விட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண் 506க்கு 512, அதாவது 0.988. ஏறக்குறைய முழு மதிப்பெண். ஆனால் வழிகாட்டும் செயலியைப் பொறுத்தவரை அந்தச் சாலை அறுந்துவிட்டது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போக வழியே இல்லை என்று அது பத்து கிலோமீட்டர் சுற்றிக் கொண்டுபோகும். ஒரு மீட்டர் தள்ளி வரைந்தவருக்கு 0.6, வழியையே அறுத்தவருக்கு 0.988 என்று மதிப்பெண் போடும் முறையை நீங்கள் வகுப்பில் அனுமதித்திருப்பீர்களா?

இந்தக் குறைக்காகவே ஸ்பேஸ்நெட் போட்டியில் வேறொரு அளவீட்டைக் கொண்டுவந்தார்கள். உண்மையான சாலை வலையில் இரண்டு இடங்களை எடுத்து, அவற்றுக்கு இடையே மிகக் குறுகிய வழியின் நீளத்தைக் கணக்கிடுகிறார்கள். கணினி வரைந்த வலையிலும் அதே இரு இடங்களுக்கு இடையே வழியின் நீளத்தைக் கணக்கிட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்கிறார்கள். வழியே இல்லையென்றால் அந்த இணைக்கு முழுத் தண்டனை. இப்படி ஏராளமான இணைகளுக்குக் கணக்கிட்டுச் சராசரி எடுக்கிறார்கள். இந்த முறையில் ஒரு முக்கியப் பாலத்தில் விழுந்த சிறு இடைவெளி மதிப்பெண்ணை அடியோடு சாய்த்துவிடும். கோடு சற்று விலகியிருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அந்தப் போட்டியில் வென்ற முறைக்கு, மரங்கள் குறைந்த, கட்டம் போட்டாற்போல் தெருக்கள் அமைந்த பாலைவன நகரமான லாஸ் வேகாஸில் ஏறத்தாழ 0.8 கிடைத்தது. மற்ற மூன்று நகரங்களிலும் 0.6ஐ ஒட்டித்தான் நின்றது.

எந்த ஊரில் சோதித்தார்கள் என்று சொல்லாமல் மதிப்பெண்ணை மட்டும் சொன்னால் அதற்குப் பொருளில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் பகுதியில் ஆற்றங்கரை மேல் பாதை, வாய்க்கால் கரை மேல் பாதை, வயலுக்கு நடுவே வண்டிப்பாதை என்று எல்லாமே பாதைதான். இதையெல்லாம் கணினி பிரித்துப் பார்க்குமா?
– விவசாயி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: காலத்தைப் பொறுத்தது. தண்ணீர் அகச்சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியையும் பதிவு செய்த படத்தில் நீர் ஓடும் வாய்க்கால் கன்னங்கரேலென்று தனித்துத் தெரியும். பயிர் அதற்கு நேர்மாறாக அகச்சிவப்பைத் திருப்பியனுப்பும். ஆகவே தண்ணீரும் பயிரும் இருக்கும் நாட்களில் எடுத்த படத்தில் குழப்பம் குறைவு. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் எடுத்த படத்தைப் பாருங்கள்: வாய்க்கால் வறண்டு, வெறும் மண்ணாக, ஒரே அகலத்தில், நீளமாக வளைந்து போகும். மண்பாதையும் அப்படியேதான் இருக்கும். மேகம் இல்லாத தெளிவான படங்கள் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் கிடைக்கின்றன என்பது இதிலுள்ள வேடிக்கை.

அறுவடைக் காலத்தில் இன்னொன்று நடக்கும். சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் கறுப்புப் பட்டையின் பாதி நூறு மீட்டர் நீளத்துக்கு மஞ்சளாகிவிடும். மாசச்சூசெட்ஸிலும் லாஸ் வேகாஸிலும் பழகிய கணினி அந்த மாதிரிச் சாலையை அதற்கு முன் பார்த்திருக்காது. அந்த இடத்தில் சாலை பாதி அகலமாகக் குறுகுகிறது என்றோ, அங்கே முடிகிறது என்றோ அது முடிவு செய்தால் அதைக் குறை சொல்ல முடியாது. டெல்டாவின் படங்களை, இரு பருவங்களிலும் எடுத்தவற்றை, பயிற்சியில் சேர்ப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

கேள்வி: புளியமரங்கள் இருபுறமும் கூடாரம்போல் மூடியிருக்கும் சாலை மேலிருந்து தெரியவே தெரியாதே?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: தெரியாது. தெரியாததைக் கணினி பார்க்கவும் முடியாது, ஊகிக்கத்தான் முடியும். இடது பக்கம் ஒரு சாலைத் துண்டு, வலது பக்கம் அதே திசையில் இன்னொரு துண்டு, நடுவில் ஒரே வரிசையில் மரங்களின் தலைகள் என்றால் அங்கே சாலை தொடர்கிறது என்று நாம் ஊகிப்பதைப்போல, போதிய அளவு சுற்றுப்புறத்தைப் பார்க்கும் வலையமைப்பும் ஊகிக்கக் கற்றுக்கொள்கிறது. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் பங்கேற்று 2018ஆம் ஆண்டில் உருவாக்கிய ரோடுட்ரேசர் முறை இன்னும் ஒரு படி மேலே போய், படம் முழுவதையும் சாலை, சாலையல்லாதது என்று பிரிப்பதற்குப் பதிலாக, ஒரு சாலையில் இறங்கி அடுத்த அடியை எந்தத் திசையில் வைப்பது என்று நடந்து நடந்தே வலையை வரைகிறது. நடந்துகொண்டிருக்கும்போது வழி மரத்தடியில் நுழைந்தால், மறுபுறம் வெளியே வரும் என்று எதிர்பார்ப்பது இயல்புதானே.

கேள்வி: மேம்பாலத்தைக் கணினி எப்படிப் புரிந்துகொள்ளும்?
– வாசகர், சென்னை – 16

பதில்: சரியாகப் புரிந்துகொள்ளாது. சாலைப் பட்டைகளைக் கண்டறிந்த பிறகு, அவற்றை உரித்து உரித்து ஒரு படப்புள்ளி அகலமுள்ள எலும்புக்கூடாக மெலிய வைத்து, கோடுகள் சந்திக்கும் இடங்களில் முனைகளை வைப்பது வழக்கம். மேலே போகும் பாலமும் கீழே போகும் சாலையும் படத்தில் ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்வதால், அங்கேயும் ஒரு சந்திப்பை வைத்துவிடும். உங்கள் பக்கத்துக் கத்திப்பாராவை அப்படியே விட்டுவிட்டால், பாலத்தின் நடுவிலிருந்து இடப்புறம் திரும்புங்கள் என்று செயலி சொல்லும். பாலத்தின் நிழலை வைத்தும், மேல் சாலை மட்டும் அறுபடாமல் ஓடுவதை வைத்தும் சிலவற்றைப் பிரிக்கலாம். கடைசியில் ஒரு மனிதர் பார்த்துத்தான் எது மேல், எது கீழ் என்று குறிக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: மலைப்பாதைகளில் வரைபடக் கோடு சாலையைவிட்டு விலகிப் பள்ளத்தில் நிற்கிறதே, ஏன்?
– வாசகர், குன்னூர்

பதில்: செயற்கைக்கோள் எப்போதும் தலைக்கு நேர் மேலிருந்து படம் எடுப்பதில்லை, பக்கவாட்டில் சாய்ந்தும் எடுக்கும். சாய்ந்து எடுக்கும்போது உயரமான எதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்ததுபோல் விழும். இதைத் திருத்த அந்த இடத்தின் உயரம் துல்லியமாகத் தெரிய வேண்டும். செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்து எடுத்த படத்தில், உயரக் கணக்கு 20 மீட்டர் பிசகினால் சாலை 11 மீட்டருக்கும் மேல் தள்ளி விழும். சமவெளியில் இந்தப் பிசகு வெளியே தெரியாது. கொண்டையூசி வளைவில் 11 மீட்டர் என்பது ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையே பள்ளத்தில் விழப் போதுமானது. இதில் சாலையைக் கண்டறிந்த நிரலின் தவறு பெரும்பாலும் இருக்காது. அதற்குக் கொடுத்த படமே இடம் பெயர்ந்திருக்கும்.

கேள்வி: மேகம் மூடியிருந்தால்?
– மாணவர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: சாதாரண ஒளிப்படத்தில் ஒன்றும் செய்ய முடியாது, வேறொரு நாளில் எடுத்த படத்தைத் தேட வேண்டும். ரேடார் செயற்கைக்கோள்கள் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். அவற்றில் வழுவழுப்பான சாலை கறுப்புக் கீற்றாக விழும். அமைதியான நீர்ப்பரப்பும் அதேபோல் கறுப்பாகவே விழும்.

கேள்வி: நகரச் சாலைகளை வரைய ஆட்கள் இருக்கிறார்கள். காட்டுக்குள் திருட்டுத்தனமாகப் போடும் சாலைகளைக் கண்டுபிடிக்க இந்தத் தொழில்நுட்பம் பயன்படுமா?
– இயற்கை ஆர்வலர், சத்தியமங்கலம்

பதில்: என்னைக் கேட்டால் இதற்குத்தான் அதிகம் பயன்பட வேண்டும் என்பேன். பிரேசிலின் அமேசான் பகுதியில் இமாசோன் என்ற ஆய்வு நிறுவனத்தினர் 2020ஆம் ஆண்டின் சென்டினல்-2 படங்களில் யூ-நெட் வகை வலையமைப்பை ஓடவிட்டு, சுமார் 34.6 லட்சம் கிலோமீட்டர் சாலைகளைக் கண்டறிந்தார்கள். 10 மீட்டர் தெளிவுத்திறனில் ஊர்ச் சாலை தெரியாது என்று மேலே சொன்னேனே, இங்கே எப்படித் தெரிந்தது என்று நீங்கள் கேட்கலாம். அடர்ந்த காட்டை வெட்டிப் போட்ட பாதையில் சாலையோடு இருபுறமும் கொஞ்சம் திறந்த மண் சேர்ந்து விழுகிறது. சுற்றிலும் ஒரே பச்சை. அந்த வேறுபாடு போதும். அமேசானில் நடந்த காடழிப்பில் ஏறத்தாழ 95 சதவீதம் சாலையிலிருந்து 5.5 கிலோமீட்டருக்குள்ளோ ஆற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ளோ நடந்திருக்கிறது என்று 2014ஆம் ஆண்டில் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. முதலில் சாலை வருகிறது, பின்னால் ரம்பம் வருகிறது.

ஆனால் போர்னியோ, சுமத்ரா, நியூகினி ஆகிய தீவுகளின் நிலைமை வேறாக இருந்தது. அங்கே 2024ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வுக்காக, இருநூறுக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் சுமார் 7000 மணி நேரம் செலவிட்டு, நுண்ணிய செயற்கைக்கோள் படங்களைக் கண்ணால் பார்த்துக் கையால் வரைந்தார்கள். கிடைத்தது 13.7 லட்சம் கிலோமீட்டர். அதுவரை இருந்த வரைபடங்களில் இருந்ததைப்போல அது 3 முதல் 6.6 மடங்கு. எண்ணெய்ப் பனைத் தோட்டத்துப் பாதைகளும் மரம் இழுக்கும் தடங்களும் கொடிகளும் மேகமும் பின்னிக் கிடக்கும் அந்த நிலத்தில் மனிதக் கண்ணைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக்கு நடுவே வரைபடத்தில் ஒரு சாலை முளைத்திருக்கிறது. சரக்கு வண்டிக்காரர்கள் அதை நம்பி வந்து எங்கள் வேலியில் முட்டி நிற்கிறார்கள். உண்மையில் அது சொட்டுநீர்க் குழாய் புதைக்க வெட்டிய பள்ளம். கணினிதான் வரைந்திருக்கும் என்று என் மகன் சொல்கிறான். இதை யாரிடம் சொல்லி எடுப்பது?
– விவசாயி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் மகன் சொல்வது சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. கணினி கண்டறிந்த சாலைகள் இப்போது பெருமளவில் வரைபடங்களுக்கு வந்துகொண்டிருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் பிங் வரைபடச் சேவையின் படங்களிலிருந்து உலகெங்கும் 4.89 கோடி கிலோமீட்டர் சாலைகளைக் கண்டறிந்ததாகவும், அவற்றில் சுமார் 11.65 லட்சம் கிலோமீட்டர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இல்லாதவை என்றும் அறிவித்துத் தரவை வெளியிட்டது. ஃபேஸ்புக் நிறுவனம் தாய்லாந்தில் விடுபட்ட சாலைகளை இதே வழியில் சேர்த்தது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைப் பொறுத்தவரை இவற்றை அப்படியே கொட்டிவிட அனுமதி இல்லை. ரேப்பிட் என்ற திருத்தும் கருவியில் கணினியின் பரிந்துரைகள் கருஞ்சிவப்புக் கோடுகளாகத் தெரியும். ஒரு மனிதர் ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்ற பிறகே அவை வரைபடத்தில் சேரும். படத்தில் புதிதாக வெட்டிய மண், நேர்கோடு, இரு முனையும் பாதைகளில் போய்ச் சேர்கிறது என்றால், எங்கோ உட்கார்ந்து பார்ப்பவர் அதை ஏற்றுக்கொண்டுவிடுவார். நாமக்கல் கொட்டகையை முனையை வைத்துப் பிடித்த நானும் இங்கே ஏமாந்திருப்பேன்.

முதலில் வண்டிக்காரர்கள் எந்தச் செயலியைப் பார்த்து வருகிறார்கள் என்று கேளுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்டது என்றால், அதன் இணையதளத்தில் அந்தச் சாலையின் மேல் ஒரு குறிப்பு இடலாம். கணக்கு தொடங்கினால் நீங்களே நீக்கவும் செய்யலாம். நீக்கும்போது "குழாய்ப் பள்ளம், சாலை இல்லை, நேரில் அறிந்தது" என்று காரணத்தையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் பழைய படத்தைப் பார்த்து வேறொருவர் திரும்பவும் வரைந்துவிடுவார். மற்ற நிறுவனங்களின் வரைபடம் என்றால், அந்தச் செயலியிலேயே தவறைத் தெரிவிக்கும் வசதி இருக்கும். வேலியும் தோட்டமும் தெரியும்படி நிழற்படம் ஒன்றை இணைத்து அனுப்புங்கள். திருத்தம் வரும்வரை, சாலை பிரியும் இடத்தில் "இது வழியன்று" என்று ஒரு பலகை மாட்டிவிடுவது நல்லது.